பெய்ரோன் உப்பு நுரையீரலுக்கு வந்த வழி

கீமோ வார்டில் ஒரு பாட்டில் மட்டும் உறை போட்டுத் தொங்கும். சில இடங்களில் கறுப்பு பிளாஸ்டிக் உறை, சில இடங்களில் பழுப்புக் காகிதம். பக்கத்தில் தொங்கும் சலைன் பாட்டிலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படுக்கையில் கிடப்பவரே பார்த்துக்கொள்ளலாம். உறைக்குள் இருப்பது தெரியாது. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்து அது. அதை மாட்டுவதற்கு முன்னால் உப்புநீர் ஏற்றுவார்கள், கழற்றிய பிறகும் உப்புநீர் ஏற்றுவார்கள். சிறுநீர் எவ்வளவு போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். இத்தனை காவலோடு உடம்புக்குள் நுழையும் அந்த மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின்.

நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் சிலர் அதை ஏற்றிக்கொண்ட அன்றே கதிர்வீச்சு அறைக்கும் போவார்கள். அதை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்போம். "அவருக்கு முப்பது கரண்ட் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். மருத்துவர்கள் இதைத் திருத்துவதுண்டு. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, பாய்வது எக்ஸ் கதிர்தான் என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. இருந்தாலும் அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. காரணம், உறைக்குள் தொங்கும் அந்த மருந்தை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கரண்ட்தான்.

அந்த மருந்து வந்த வழி நீளமானது. முதலில் அதிலுள்ள உலோகம். பிளாட்டினம் தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் ஆற்று மணலில், தங்கத்தோடு கலந்து கிடந்தது. தங்கம் தேடி வந்த ஸ்பானியர்களுக்கு அது பெரும் தொல்லை. தங்கத்திலிருந்து பிரிப்பது கடினம், அவர்களுடைய உலையில் உருகவும் உருகாது. 'பிளாட்டினா' என்று பெயர் வைத்தார்கள். சின்ன வெள்ளி என்று பொருள். மதித்து வைத்த பெயரில்லை.

அந்த உலோகத்தின் ஒரு சேர்மம்தான் நம் மருந்து. 1844ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் கீசன் நகரில், யுஸ்டுஸ் லீபிக்கின் புகழ்பெற்ற ஆய்வகத்தில், மிக்கேலே பெய்ரோன் என்ற இத்தாலியர் வேலை செய்துகொண்டிருந்தார். மருத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். பிளாட்டினம் குளோரைடையும் அம்மோனியாவையும் சேர்த்து, ஏற்கெனவே மாக்னஸ் என்பவர் கண்டிருந்த ஒரு பச்சை உப்பைத் தயாரிக்க முயன்றார். பச்சையோடு மஞ்சளாகவும் ஒன்று கிடைத்தது. அதைத் தனியே பிரித்து, எடை போட்டு, எழுதிப் பதிப்பித்தார். பெய்ரோன் உப்பு என்று அதற்குப் பெயர் நின்றது. மருத்துவம் படித்த ஒருவர் தன் கையாலேயே புற்றுநோய் மருந்து ஒன்றைச் செய்து முடித்துவிட்டார். அது மருந்து என்பது அவருக்குத் தெரியாது. 1883இல் அவர் இறந்தார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் அந்த மஞ்சள் உப்பு வேதியியலாளர்களுக்கு ஒரு புதிராக இருந்தது. அதே அளவு பிளாட்டினம், அதே அளவு குளோரின், அதே அளவு அம்மோனியா கொண்ட இன்னொரு உப்பும் இருந்தது. சரக்கு ஒன்று, குணம் வேறு. 1893இல் சூரிச்சில் ஆல்ஃப்ரெட் வெர்னர், அப்போது அவருக்கு 26 வயது, இதற்கு விளக்கம் சொன்னார். நான்கு புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளாட்டினம், நான்கு மூலையில் இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. இரண்டு குளோரினும் அடுத்தடுத்த மூலையில் இருந்தால் அது ஒரு பொருள், எதிரெதிர் மூலையில் இருந்தால் வேறொரு பொருள். பெய்ரோன் செய்தது அடுத்தடுத்த மூலை வகை. 'சிஸ்' என்ற முன்னொட்டு அதைத்தான் குறிக்கிறது. வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. உப்பு மீண்டும் அலமாரிக்குப் போனது.

இனி அந்தக் கரண்ட்.

1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் வேலைக்குச் சேர்ந்தார். அவர் இயற்பியலாளர். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூளைத் தூவினால் வருமே, அந்தக் கோடுகள் அவர் நினைவுக்கு வந்தன. மின்புலமோ காந்தப்புலமோ செல் பிரிவதில் பங்கு வகிக்குமோ என்று தோன்றியது. வெளியிலிருந்து மின்புலம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். மின்முனைக்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் அது எதோடும் சேராது, கரையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆய்வகத்தில் லோரெட்டா வான் காம்ப் ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்துச் சோதனையை நடத்தினார்.

கரண்ட் ஓடியது. பாக்டீரியா பிரிவது நின்றது. ஆனால் அவை சாகவில்லை, வளர்ந்துகொண்டே போயின. பிரிய முடியாமல் நீண்டு நீண்டு, இயல்பான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நூல் நூலாகக் கிடந்தன. கரண்ட்டை நிறுத்தினால் மறுபடியும் பிரியத் தொடங்கின.

அங்கேயே 'மின்புலம் செல் பிரிவதைத் தடுக்கிறது' என்று ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கலாம். அவர் நினைத்தது நடந்துவிட்டதுபோல்தான் தோன்றியது. ரோசன்பர்க் குழு அப்படிச் செய்யவில்லை. மின்புலத்தைச் சந்தேகப்பட்டார்கள், வெப்பத்தைச் சந்தேகப்பட்டார்கள், கரைசலின் அமிலத்தன்மையைச் சந்தேகப்பட்டார்கள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் எதைச் சந்தேகிக்கவே கூடாது என்று படித்திருந்தார்களோ அந்தப் பிளாட்டினத்திடம் வந்து நின்றார்கள். கரையாது என்ற மின்முனை, அம்மோனியம் குளோரைடு இருந்த அந்தக் கரைசலில், கரண்ட் ஓடியதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருந்தது. கரைந்த பிளாட்டினம் அம்மோனியாவோடும் குளோரினோடும் கூடி ஒரு சேர்மமாக மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்கு வெளிச்சமும் உதவியது. இன்றைக்கு வெளிச்சம் படாமல் உறைக்குள் வைத்துக் காக்கிற மருந்தின் குடும்பம், அன்று ஆய்வக வெளிச்சத்தில்தான் உருவாகியிருக்கிறது.

1965இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. பாக்டீரியா பிரிவதைத் தடுத்த அந்த வகைச் சேர்மங்களைத் தேடிப்போனால், அதில் ஒன்று பெய்ரோனின் பழைய மஞ்சள் உப்பு. 120 ஆண்டு கழித்து அதை மறுபடி எடுத்தார்கள். எதிரெதிர் மூலை வகைக்கு இந்தக் குணம் இல்லை. கோலத்தில் இரண்டு புள்ளி இடம் மாறியதுதான் வேறுபாடு.

செல் பிரிவதை நிறுத்துகிற பொருள் என்றால் அடுத்த கேள்வி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. கட்டி வைத்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பெரிதாக வளர்ந்த கட்டிகளும் சுருங்கி மறைந்தன. 1969இல் அதுவும் 'நேச்சர்' இதழில் வந்தது. கன உலோகம் என்றாலே விஷம் என்று பயந்த காலம் அது. ஆர்செனிக், பாதரசம் எல்லாம் மருந்தாக இருந்து கெட்ட பெயரெடுத்துப் போன பிறகு, இன்னொரு உலோகத்தை மனித நரம்பில் ஏற்றுவதா என்ற தயக்கம் இயல்பானது. ஆனாலும் 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

தயங்கியவர்கள் பயந்தது வீண்போகவில்லை. கட்டிகள் சுருங்கின, கூடவே சிறுநீரகம் கெட்டது. வாந்தி நிற்கவே இல்லை. காது மந்தமானது. மருந்தைக் கைவிடலாம் என்ற நிலை வந்தபோது, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இருந்தவர்கள் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் நிறைய நீரை நரம்பில் ஏற்றி, மானிட்டால் கொடுத்து, சிறுநீரைத் தாராளமாகப் போகவைப்பது. முதலில் நாய்களில் சோதித்தார்கள், பிறகு மனிதர்களில். சிறுநீரகம் பெருமளவு தப்பியது. இன்று நம் வார்டில் மருந்துக்கு முன்னும் பின்னும் தொங்கும் உப்புநீர் பாட்டில்கள் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. 'வெறும் குளுக்கோஸ் ஏத்தவா இத்தனை நேரம் உட்காரவைக்கிறாங்க' என்று சலித்துக்கொள்ளும் நோயாளிகளிடம் இதைச் சொல்லத் தோன்றும். அந்த உப்புநீர் இல்லாமல் இந்த மருந்தே நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்கள் பட்ட பாட்டை இன்றைய நோயாளியால் கற்பனை செய்ய முடியாது.

1974இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இந்த மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, விரைப்பையில் தொடங்கி நுரையீரல் வரை பரவிவிட்ட புற்றுநோய் கொண்ட இளைஞர்களுக்குக் கொடுத்தார். சாவு உறுதி என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பலர் முழுக்கக் குணமானார்கள், குழந்தை குட்டி பெற்று வாழ்ந்தார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிஸ்பிளாட்டினுக்கு ஒப்புதல் கொடுத்தது.

நுரையீரலில் அப்படியொரு அதிசயம் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் ஒவ்வொரு மாத ஆயுளும் மண்வெட்டியால் பாறையைக் கொத்துவதுபோல் கிடைத்தது.

அந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம். நுரையீரலில் கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். பலருக்கு அப்படிக் கிடைப்பதில்லை. இருமலையும் எடை குறைவதையும் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் இந்தியாவில் நிறைய. அதற்குள் நெஞ்சுக்கு நடுவே, மூச்சுக்குழாயை ஒட்டி நெறி கட்டியிருக்கும். மூன்றாம் நிலை என்பது பெரும்பாலும் இதுதான். உடம்பெங்கும் பரவவில்லை, ஆனால் கத்தி வைக்கவும் இடமில்லை. மிச்சமிருந்தது கதிர்வீச்சு.

கதிர்வீச்சுக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். பழைய கருவிகளின் கதிர் தோலைத்தான் முதலில் சுட்டது, நெஞ்சின் ஆழத்துக்குத் தேவையான அளவு போய்ச் சேரவில்லை. 1951இல் கனடாவில் கோபால்ட்-60 கருவிகள் வந்த பிறகு ஆழத்தில் உள்ள கட்டியை எட்ட முடிந்தது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டிலேயே கனடாவின் கோபால்ட் கருவி வந்தது. பிறகு லீனியர் ஆக்ஸிலரேட்டர். உடம்பில் சேரும் கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். 1970களில் அமெரிக்காவில் நடந்த ஒப்பீடுகளில், தினம் 2 கிரே என்று 30 நாளில் மொத்தம் 60 கிரே கொடுப்பது நல்லது என்று தெரிந்தது. 'முப்பது கரண்ட்' என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. அப்படியும் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்போல்தான். கட்டி அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது, அல்லது கல்லீரலிலோ எலும்பிலோ மூளையிலோ போய் முளைத்தது.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற எண்ணத்துக்கு நம்பிக்கை கொடுத்தவர் வேறொரு நோயைப் பார்த்த ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ, ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன்னால் குறைந்த அளவு கதிர்வீச்சும் கீமோவும் ஒன்றாகக் கொடுத்தார். கட்டி சுருங்கினால் அறுப்பது எளிது என்பதுதான் நோக்கம். 1974இல் அவர் எழுதியது மூன்று நோயாளிகளைப் பற்றித்தான். இரண்டு பேருக்கு அறுத்துப் பார்த்தால் எடுத்த சதையில் புற்றுநோயே இல்லை. மூன்றாமவர் அறுவையே வேண்டாம் என்றுவிட்டார், அவருக்கும் நோய் திரும்பவில்லை. அறுவைக்கு முன்னேற்பாடாக வைத்தது அறுவையையே தேவையற்றதாக்கிவிட்டது.

ஏன் இரண்டும் சேர்ந்தால் பலம் கூடுகிறது? செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை இரண்டு புரி முறுக்கிய கயிறாக எண்ணிக்கொள்ளுங்கள். இரத்தத்தில் உப்பு அதிகம், அதனால் சிஸ்பிளாட்டினின் இரண்டு குளோரினும் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் போனதும் உப்பு குறைவு, குளோரின் கழன்றுவிடும். கழன்ற இரண்டு கையாலும் பிளாட்டினம் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த மூலையில் இருந்த கைகள் என்பதால் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பிடித்து, கயிற்றையே வளைத்துவிடும். எக்ஸ் கதிர் செய்வது வேறு வேலை. அது கயிற்றை அறுக்கிறது. ஒரு புரி அறுந்தால் செல் தைத்துக்கொள்ளும். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தாலும் பல நேரம் ஒட்டுப்போட்டுவிடும். அறுந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு முடிச்சு விழுந்து கயிறு வளைந்திருந்தால்? ஒட்டுப்போட வருகிற நொதிகள் திணறுகின்றன. காயம் பட்ட செல் அடுத்த முறை பிரியும்போது செத்துப்போகிறது.

இந்த விளக்கத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. முடிச்சும் வெட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மருந்தை ஜனவரியிலும் கதிரை மார்ச்சிலும் கொடுத்தால் இந்தக் கூட்டு நடக்காது.

ஆனால் மருத்துவர்கள் தொடங்கியது அப்படித்தான், அதில் தப்பும் இல்லை. இரண்டு கடுமையான வைத்தியத்தை ஒரே உடம்பு ஒரே நேரத்தில் தாங்குமா என்ற பயம் நியாயமானது. 1990இல் ராபர்ட் டில்மனும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 155 பேரிடம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 60 கிரே கதிர்வீச்சு மட்டும். மற்றவர்களுக்கு முதலில் சிஸ்பிளாட்டினும் வின்பிளாஸ்டினும், பிறகு அதே 60 கிரே. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 9.7 மாதத்தைத் தாண்டினார்கள். மருந்தும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 13.8 மாதத்தைத் தாண்டினார்கள். நான்கு மாதம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டுப் படுத்திருக்கும் தகப்பனிடம் போய் அற்பம் என்று சொல்ல முடியாது.

என் கணக்கில் இந்தப் பயணத்தின் உச்சம் 1992. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஷாக்கே-கோனிங் என்ற கதிர்வீச்சு மருத்துவரும் ஐரோப்பியக் கூட்டாளிகளும் 331 நோயாளிகளிடம் கேட்ட கேள்வி மிகத் துல்லியமானது. மூன்று குழுக்கள். ஒன்றுக்குக் கதிர்வீச்சு மட்டும். இன்னொன்றுக்கு அதோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின். மூன்றாவதற்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒவ்வொரு நாளும், கதிருக்குச் சற்று முன்னால், மிகச் சிறிய அளவு சிஸ்பிளாட்டின்: உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம். முழு கீமோவில் ஒரே நாளில் 75, 100 என்று கொடுக்கும் மருந்து இது. 6 மில்லிகிராம் தன்னந்தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

மூன்று ஆண்டு கழித்து எண்ணினார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2 பேர் உயிரோடிருந்தார்கள். வாரம் ஒரு முறை மருந்து பெற்றவர்களில் 13 பேர். தினமும் பெற்றவர்களில் 16 பேர். இன்னொன்றையும் கவனித்தார்கள்: வேறு உறுப்புக்குப் பரவுவது இந்த மூன்று குழுவிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. குறைந்தது நெஞ்சுக்குள்ளேயே கட்டி திரும்புவது. அதாவது மருந்து உடம்பெல்லாம் ஓடிப் புற்றுநோயைத் துரத்தியதால் வந்த லாபமில்லை இது. கதிர் விழுந்த இடத்தில், கதிர் விழுந்த நேரத்தில், அதற்குத் துணை நின்றதால் வந்த லாபம். பெய்ரோன் உப்புக்கு அன்று ஒரு புதிய வேலை உறுதியானது.

அடுத்தடுத்துக் கொடுப்பதா, ஒரே நேரத்தில் கொடுப்பதா என்று நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஃபுருசே தலைமையில் 320 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 1999இல் வந்தது. ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள், அடுத்தடுத்துப் பெற்ற குழுவில் நூற்றுக்கு 8.9, ஒரே நேரத்தில் பெற்ற குழுவில் 15.8. மருந்துகள் ஒன்றே, கதிரின் அளவும் ஒன்றே. நேரம் மட்டும்தான் வேறு. அமெரிக்காவில் 610 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையும் இதையே சொன்னது. 2010இல் பிரான்சின் ஆன் ஓப்பெரானும் கூட்டாளிகளும் ஆறு சோதனைகளில் இருந்த 1205 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஐந்தாண்டில் நூற்றுக்கு 4.5 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தது. சிறு செல் வகை நுரையீரல் புற்றுநோயிலும் கீமோவோடு கதிரைச் சீக்கிரமே சேர்ப்பது வழக்கமானது. அங்கே சிஸ்பிளாட்டினுக்கு எட்டோபோசைடு துணை.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை உணவுக்குழாய் கொடுக்கிறது. நெஞ்சு நடுவில் உள்ள நெறிக்கட்டிகளுக்குக் கதிர் வைத்தால், பக்கத்தில் இறங்கும் உணவுக்குழாய் தப்பாது. அதே 1205 பேரில், கடுமையான உணவுக்குழாய்ப் புண் அடுத்தடுத்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு வந்தது, ஒரே நேரத்தில் பெற்றவர்களில் 18 பேருக்கு. பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். எச்சில் விழுங்கினாலே நெருப்பு இறங்குகிற மாதிரி இருக்கும் என்பார்கள். ரசம் சோறு காரமாகத் தெரியும், தண்ணீர்கூடக் கீறும். நுரையீரலிலேயே கதிரால் அழற்சி வந்து, சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் வருவதும் உண்டு. எல்லா உடம்பும் இந்த இரட்டைச் சுமையைத் தாங்காது. சிறுநீரகம் பலவீனமானவர்கள், எடை நிறையக் குறைந்தவர்கள், எழுந்து நடமாட முடியாதவர்கள், இவர்களுக்கு அடுத்தடுத்துக் கொடுப்பதே சரி. அதைக் குறைந்த வைத்தியம் என்று எண்ண வேண்டாம். பல மருத்துவமனைகளில் இப்போது சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக அதன் தம்பியான கார்போபிளாட்டினை, பாக்லிடாக்சலோடு வாரம் ஒரு முறை கொடுக்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் காதுக்கும் அது மென்மையானது. லண்டனில் உருவாகி 1980களில் வந்த மருந்து.

வலுவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற நம்பிக்கை மருத்துவத்தில் லேசில் போகாது. கீமோவோடு 60 கிரே நல்லதென்றால் 74 கிரே இன்னும் நல்லதாக இருக்க வேண்டுமே? 2015இல் வெளிவந்த பெரிய அமெரிக்கச் சோதனையில் பதில் வந்தது. 60 கிரே பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 28.7 மாதம் தாண்டினார்கள். 74 கிரே பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 20.3 மாதம்தான். கூடுதல் கதிர் உயிரைக் குறைத்தது. இதயத்திலும் நுரையீரலிலும் விழுந்த கூடுதல் கதிரைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டு சோதனைகளைப் பக்கம் பக்கமாகப் படித்ததில் எனக்குப் பட்டது இது: நுரையீரலில் நாம் பெற்ற வெற்றிகள் மருந்தின் வீரியத்தாலோ கதிரின் அளவாலோ வந்ததைவிட, இரண்டையும் சரியான நாளில் சந்திக்கவைத்ததால் வந்தவை.

2017இல் இந்தச் சிகிச்சை அடுத்த படி ஏறியது. கீமோவும் கதிரும் ஒன்றாக முடித்த 713 பேரில் ஒரு பகுதியினருக்கு துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஓராண்டு வரை கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கினார்கள். ஐந்தாண்டில் அவர்களில் நூற்றுக்கு 42.9 பேர் உயிரோடிருந்தார்கள், அது கிடைக்காதவர்களில் 33.4 பேர். ஐந்து பேர் என்று இருந்த இடம் இது. கதிரால் சிதைந்த புற்றுநோய் செல்கள் உடம்பின் காவல் செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டிக்கொடுக்கின்றன, மருந்து அந்தக் காவலர்களின் கட்டை அவிழ்க்கிறது என்பது விளக்கம். துர்வாலுமாபுக்கு நம் நாட்டில் லட்சக்கணக்கில் செலவாகிறது. அதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சிஸ்பிளாட்டினோ பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கும் மலிவான ஜெனரிக் மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் கதிர்வீச்சும் அடங்கும்.

ஆகவே, இந்தச் சிகிச்சை எடுக்கப்போகிற வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் நிலை என்று சொன்னால், இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க முடியுமா, முடியாதென்றால் என்ன காரணம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தாதீர்கள். மூன்றாவது வாரம் விழுங்க முடியாமல் போகும்போது 'கொஞ்ச நாள் ஊருக்குப் போய் உடம்பைத் தேத்திக்கிட்டு வர்றோம்' என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. வலியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அன்பில் செய்வது அது. ஆனால் அந்த இடைவெளியில் மிஞ்சிய புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, திரும்பி வந்து மிச்சக் கதிரை வைத்தாலும் விட்ட இடத்தைப் பிடிக்க முடிவதில்லை. வலிக்கு மருந்து இருக்கிறது, புண்ணை மரத்துப்போகவைக்கும் திரவம் இருக்கிறது, விழுங்கவே முடியாதவருக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுக்கவும் வழியிருக்கிறது. வலி தொடங்கிய அன்றே சொல்லுங்கள். ஆறவைத்த கஞ்சி, குழைய வடித்த சோறு, இட்லியைப் பாலில் கரைத்து என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். புகைப்பதை அன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஆறு வாரம் தங்க ஓர் அறை பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, முப்பது சிட்டிங், ஒன்றுகூட விடாமல் அழைத்துப்போங்கள்.